டார்வென் கால்பந்துக் கழகத்தின் 1898–99 பருவம்

டார்வென் கால்பந்துக் கழகத்தின் 1898–99 பருவம், இங்கிலாந்தின் கால்பந்து லீக்கில் அக்கழகம் விளையாடிய கடைசிப் பருவமாகும். லங்காஷயர் மாகாணத்தில் உள்ள டார்வென் என்னும் நூற்பாலை நகரைச் சேர்ந்த இக்கழகம், அப்பருவத்தில் இரண்டாம் பிரிவில் 34 ஆட்டங்களில் ஆடி 2 ஆட்டங்களில் மட்டுமே வென்றது. 27 ஆட்டங்களில் தோற்றது. 141 கோல்களை வாங்கியது. தொடர்ச்சியாக 18 ஆட்டங்களில் தோல்வி கண்டது. ஒரே பருவத்தில் மூன்று முறை 10–0 என்ற கணக்கில் வீழ்ந்தது. ஒரு பருவத்தில் மிக அதிகமாக வாங்கிய கோல்கள், மிக நீண்ட தொடர் தோல்வி என்னும் இரண்டும் கால்பந்து லீக் வரலாற்றில் டார்வெனின் பெயரிலேயே பதிவாகியுள்ளன.

இந்த எண்களை மட்டும் பார்ப்பவர்களுக்கு டார்வென் ஒரு கேலிக்குரிய அணியாகத் தோன்றலாம். ஆனால் இதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பு, இங்கிலாந்துக் கால்பந்தின் போக்கையே மாற்றிய அணிகளுள் ஒன்றாக இருந்தது இதே டார்வென்தான். தொழிலாளர்களின் விளையாட்டாகக் கால்பந்து வளர்வதற்கு வழிகாட்டிய ஒரு சிறு நகரம், அந்த வளர்ச்சிக்கே ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்கிப் போனதன் இறுதிக் கட்டமாக இப்பருவத்தைக் கொள்ளலாம்.

நகரும் ஆலைகளும்

டார்வென் நகரம் வடமேற்கு இங்கிலாந்தில், பிளாக்பர்னுக்குத் தெற்கே, அதே பெயர் கொண்ட ஆற்றின் பள்ளத்தாக்கில் அமைந்துள்ளது. 19-ஆம் நூற்றாண்டில் பருத்தி நூற்பும் நெசவுமே இதன் முதன்மைத் தொழில்கள். 1878-இல் இது நகராட்சித் தகுதியைப் பெற்றது. 1860-களில் இங்குக் கட்டப்பட்ட பெரிய நூற்பாலைக்கு ‘இந்தியா மில்’ என்று பெயர். இத்தாலிய மணிக்கூண்டைப் போல வடிவமைக்கப்பட்ட அதன் புகைபோக்கி 300 அடிக்கும் மேல் உயரமானது, இன்றும் நிற்கிறது. இந்திய வாசகர்களுக்கு இந்நகரம் வேறொரு வகையிலும் அறிமுகமானது. வட்டமேசை மாநாட்டிற்காக 1931-இல் இங்கிலாந்து சென்ற காந்தியடிகள், அந்நியத் துணிப் புறக்கணிப்பால் வேலையிழந்த நெசவாலைத் தொழிலாளர்களைச் சந்திக்க அவ்வாண்டு செப்டம்பரில் இங்கு வந்து தங்கினார்.

ஆலைத் தொழிலுக்கும் கால்பந்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1850-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தால் நெசவாலைகளில் சனிக்கிழமை பிற்பகல் வேலை நிறுத்தப்படலாயிற்று. அந்த அரைநாள் ஓய்வில்தான் ஆலை நகரங்களில் கால்பந்து வேரூன்றியது. இன்றும் இங்கிலாந்தில் சனிக்கிழமை பிற்பகலே கால்பந்துக்குரிய நேரமாகக் கருதப்படுவதன் தொடக்கம் இதுவே.

கழகத்தின் தொடக்க காலப் புகழ்

டார்வென் கழகம் 1870-இல் தொடங்கப்பட்டது. அக்காலத்தில் எஃப்.ஏ. கோப்பை பெரும்பாலும் தென் இங்கிலாந்தின் செல்வர் வீட்டுப் பிள்ளைகளும், உயர்தரப் பள்ளிகளில் பயின்றோரும் ஆடும் போட்டியாக இருந்தது. 1879-இல் அந்நிலையை டார்வென் அசைத்துப் பார்த்தது. கோப்பையின் கால் இறுதியில், ஈட்டன் பள்ளியின் முன்னாள் மாணவர்களைக் கொண்ட ஓல்ட் ஈட்டோனியன்ஸ் அணியை அது எதிர்கொண்டது. இலண்டனின் கென்னிங்டன் ஓவல் மைதானத்தில் நடந்த முதல் ஆட்டத்தில் 5–1 எனப் பின்தங்கியிருந்த டார்வென், கடைசிக் கால் மணி நேரத்தில் நான்கு கோல்கள் அடித்து 5–5 எனச் சமன் செய்தது. கூடுதல் நேரம் ஆடலாம் என்று டார்வென் கேட்டது. எதிரணி அதற்கு இசையவில்லை.

மறு ஆட்டமும் இலண்டனிலேயே நடந்தது. ஆலைத் தொழிலாளர்களுக்கு ஒவ்வொரு பயணமும் கூலி இழப்பு. தொடர்வண்டிக் கட்டணம் வேறு. ஊர் மக்கள் பணம் திரட்டி அணியை அனுப்பிவைத்தனர். இரண்டாவது ஆட்டம் 2–2 என முடிந்தது. மூன்றாவது முறையும் இலண்டன் சென்ற டார்வென் 6–2 என்ற கணக்கில் தோற்றது. ஓல்ட் ஈட்டோனியன்ஸ் அவ்வாண்டு கோப்பையையும் வென்றது. எனினும், வடபுலத்து ஆலைத் தொழிலாளர்கள் நாட்டின் சிறந்த அணிக்கு நிகராக ஆட முடியும் என்பதை அனைவரும் கண்டுகொண்டனர். 1881-இல் டார்வென் அரையிறுதி வரை முன்னேறியது.

அந்த 1879 அணியில் பெர்கஸ் சூட்டர், ஜேம்ஸ் லவ் என்னும் இரு ஸ்காட்லாந்துக்காரர்கள் இருந்தனர். ஆட்டக்காரர்களுக்குப் பணம் தருவது அன்று விதிகளுக்கு மாறானது. கற்கொத்தரான சூட்டர் தம் தொழிலை விட்டுவிட்டு டார்வெனில் தங்கியபோது, அவருக்கு மறைமுகமாகப் பணம் தரப்படுகிறது என்ற பேச்சு எழுந்தது. இதனால் முதல் தொழில்முறைக் கால்பந்து ஆட்டக்காரர்கள் என இவ்விருவரையும் குறிப்பிடுவோர் உண்டு. 1880-இல் சூட்டர் டார்வெனை விட்டு, அருகிலிருந்த பிளாக்பர்ன் ரோவர்ஸ் கழகத்துக்குச் சென்றார். பிற்காலத்தில் டார்வெனுக்கு நேர இருந்ததன் முன்னறிகுறி என்று இதைச் சொல்லலாம். திறமையைக் கண்டெடுத்தது சிறிய ஊர். அதைத் தக்கவைத்துக்கொண்டது பெரிய ஊர். 1885-இல் தொழில்முறை ஆட்டம் சட்டப்படி ஏற்கப்பட்டது. பிளாக்பர்ன் ரோவர்ஸ் 1884 முதல் 1886 வரை தொடர்ந்து மூன்று ஆண்டுகள் எஃப்.ஏ. கோப்பையை வென்றது.

கால்பந்து லீக்கில் டார்வென்

1888-இல் 12 கழகங்களைக் கொண்டு கால்பந்து லீக் உருவானது. டார்வென் அதில் இடம்பெறவில்லை. 1891-இல் லீக் 14 கழகங்களாக விரிவாக்கப்பட்டபோதுதான் ஸ்டோக் கழகத்துடன் டார்வெனும் சேர்த்துக்கொள்ளப்பட்டது. முதல் பருவமே கடுமையாக அமைந்தது. 26 ஆட்டங்களில் 4 வெற்றிகளுடன் கடைசி இடத்தைப் பெற்றது. 112 கோல்களை வாங்கியது. 1892 ஏப்ரல் 4 அன்று வெஸ்ட் பிரோம்விச் அல்பியன் அணியிடம் 12–0 எனத் தோற்றது. இங்கிலாந்தின் உயர்மட்டப் பிரிவில் இதைவிடப் பெரிய வெற்றியை வேறு எந்த அணியும் பெற்றதில்லை. 1909-இல் நாட்டிங்காம் பாரஸ்ட் இதைச் சமன் செய்தது.

1892-இல் இரண்டாம் பிரிவு தொடங்கப்பட்டது. டார்வென் அதில் வைக்கப்பட்டது. அங்கு மூன்றாம் இடம் பெற்று, ‘தேர்வு ஆட்டம்’ எனப்பட்ட தகுதிப் போட்டியில் நாட்ஸ் கவுன்ட்டி அணியை 3–2 என வென்று முதல் பிரிவுக்குத் திரும்பியது. ஆனால் 1893–94 பருவத்தில் 16 அணிகளில் 15-ஆம் இடமே கிடைத்தது. இம்முறை தேர்வு ஆட்டத்தில் சுமால் ஹீத் அணியிடம் (இன்றைய பர்மிங்காம் சிட்டி) 3–1 எனத் தோற்று மீண்டும் கீழிறங்கியது. அதன்பின் டார்வென் முதல் பிரிவை எட்டவே இல்லை.

இரண்டாம் பிரிவில் சில நல்ல நாள்களும் வாய்த்தன. 1896 டிசம்பர் 26 அன்று வால்சால் அணியை டார்வென் 12–0 என வென்றது. ஆயினும் பொதுவான போக்கு கீழ்நோக்கியே இருந்தது. 1897–98 பருவத்தின் முடிவில் 16 அணிகளில் 15-ஆவதாக நின்றது.

பருவத்தின் தொடக்கச் சூழல்

1898-இல் லீக்கின் அமைப்பில் இரு பெரிய மாற்றங்கள் வந்தன. ஒவ்வொரு பிரிவும் 16 அணிகளிலிருந்து 18 அணிகளாக உயர்த்தப்பட்டது. தேர்வு ஆட்டங்கள் நீக்கப்பட்டு, முதலிரண்டு இடங்களைப் பெறும் அணிகள் நேரடியாக மேற்பிரிவுக்குச் செல்லும் முறை கொண்டுவரப்பட்டது. இரண்டாம் பிரிவின் கடைசி மூன்று அணிகள் வழக்கம்போல் ‘மறுதேர்வு’ கோர வேண்டும். அதாவது, லீக்கில் தொடர்வதற்கு மற்றக் கழகங்களின் வாக்குகளைக் கேட்டுப் பெற வேண்டும்.

விரிவாக்கத்தால் ஆட்டங்களின் எண்ணிக்கை 30-இலிருந்து 34 ஆனது. பயணச் செலவும் கூடியது. இரண்டாம் பிரிவில் இலண்டன் பக்கத்தில் வுலிச் ஆர்சனல், லூட்டன் டவுன், கிழக்குக் கடற்கரையில் கிரிம்ஸ்பி டவுன், நடுப்பகுதியில் லெஸ்டர் பாசி, லஃப்பரோ ஆகிய அணிகள் இருந்தன. புதிதாகச் சேர்ந்தவற்றுள் நியூ பிரைட்டன் டவர் என்ற கழகம் குறிப்பிடத்தக்கது. கடற்கரைப் பொழுதுபோக்குக் கோபுரம் ஒன்றின் உரிமையாளர்கள், குளிர்காலத்திலும் மக்களை ஈர்ப்பதற்காகவே உருவாக்கிய அணி அது. பெயர்பெற்ற ஆட்டக்காரர்களைப் பணம் கொடுத்துச் சேர்த்து ஒரே வீச்சில் அணியைக் கட்டியிருந்தனர். ஒருபுறம் இத்தகைய முதலீடு. மறுபுறம் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள்தொகை கொண்ட மான்செஸ்டரின் இரு அணிகள். இவர்களுக்கிடையில் 40,000 பேர்கூட இல்லாத டார்வென் போட்டியிட வேண்டியிருந்தது.

கழகங்களின் முதன்மை வருவாய் நுழைவுக் கட்டணமே. மக்கள்தொகை குறைந்த ஊரில் அதற்கு ஓர் எல்லை உண்டு. அதிலும் சில மைல் தொலைவில் முதல் பிரிவில் ஆடும் பிளாக்பர்ன் ரோவர்ஸ் இருக்கும்போது, தோற்றுக்கொண்டே இருக்கும் அணியைக் காண்பதற்குக் காசு கொடுத்து வருவோர் குறைவாகவே இருப்பர். கூட்டம் குறைந்தால் வருவாய் குறையும். வருவாய் குறைந்தால் நல்ல ஆட்டக்காரர்களை வைத்துக்கொள்ள இயலாது. அதனால் தோல்விகள் கூடும். கூட்டம் மேலும் குறையும். அக்காலத்தில் லீக்கை விட்டு வெளியேறிய சிறு நகரக் கழகங்கள் பலவும் இந்தச் சுழலில் சிக்கியவையே. லீக்கைத் தொடங்கிய 12 கழகங்களுள் ஒன்றான அக்ரிங்டன் 1893-இலேயே வெளியேறி, சில ஆண்டுகளில் மறைந்துபோனது.

பருவம் தொடங்கிய அதே மாதத்தில் டார்வென் நகரம் ஒரு விழாவைக் கொண்டாடியது. விக்டோரியா அரசியின் ஆட்சியின் அறுபதாம் ஆண்டு நினைவாகவும், ஊரை ஒட்டிய மேட்டு நிலத்தில் பொதுமக்கள் நடமாடும் உரிமையை மீட்டதன் நினைவாகவும் கட்டப்பட்ட கோபுரம் 1898 செப்டம்பர் 24 அன்று திறக்கப்பட்டது. நகரம் தளர்ந்துபோயிருக்கவில்லை, ஆலைகள் ஓடிக்கொண்டிருந்தன. தளர்ந்தது கழகம் மட்டுமே.

ஆட்டங்கள்

டார்வென் தன் சொந்த ஊர் ஆட்டங்களைப் பார்லி பேங்க் மைதானத்தில் ஆடியது. சொந்த மண்ணில் ஓரளவு தாக்குப்பிடித்த அணி, வெளியூர்களில் முற்றிலும் நிலைகுலைந்தது. வாங்கிய கோல்களில் பெரும்பகுதி வெளியூர் ஆட்டங்களில் வந்தவையே.

கிறிஸ்துமசுக்கு முந்தைய நாளான 1898 டிசம்பர் 24 அன்று, மான்செஸ்டரில் நியூட்டன் ஹீத் அணியிடம் டார்வென் 9–0 எனத் தோற்றது. இந்த நியூட்டன் ஹீத் கழகமே 1902-இல் மான்செஸ்டர் யுனைடெட் எனப் பெயர் மாறியது.

அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் நிலைமை இன்னும் மோசமானது. ஆறு வார இடைவெளிக்குள் மூன்று 10–0 தோல்விகள் வந்தன:

1899 பிப்ரவரி 18 – மான்செஸ்டர் சிட்டி 10, டார்வென் 0
1899 மார்ச் 4 – வால்சால் 10, டார்வென் 0
1899 ஏப்ரல் 1 – லஃப்பரோ 10, டார்வென் 0

இம்மூன்றும் ஒரே தன்மையுடையவை அல்ல. மான்செஸ்டர் சிட்டி அப்பருவத்தில் இரண்டாம் பிரிவை வென்ற அணி. வேல்சைச் சேர்ந்த புகழ்பெற்ற வலப்புற முன்கள ஆட்டக்காரர் பில்லி மெரிடித் அதில் ஆடினார். அவ்வணியிடம் பெருந்தோல்வி அடைந்ததில் வியப்பில்லை. வால்சாலோ, இரண்டே ஆண்டுகளுக்கு முன் இதே டார்வெனிடம் 12–0 என வீழ்ந்த அணி. லஃப்பரோவின் நிலை இன்னும் தாழ்ந்தது. பட்டியலில் டார்வெனைப் போலவே அடிமட்டத்தில் தத்தளித்துக்கொண்டிருந்த அணி அது. அத்தகைய அணியும் பத்து கோல்கள் அடித்தது என்பதிலிருந்து, பருவத்தின் இறுதியில் டார்வென் எந்நிலைக்கு வந்திருந்தது என்பதை அறியலாம்.

அக்கால விதிகளையும் கருத்தில் கொள்ள வேண்டும். மாற்று ஆட்டக்காரர்களை இறக்கும் வழக்கம் அன்று இல்லை. லீக்கில் அது 1965-இல்தான் அனுமதிக்கப்பட்டது. ஒருவர் அடிபட்டால், வலியுடன் ஆட வேண்டும். அல்லது அணி பத்துப் பேருடன் ஆட்டத்தை முடிக்க வேண்டும். ஏற்கெனவே வலுக்குறைந்த அணிக்கு இது இரட்டைச் சுமை.

இறுதி நிலை

பருவத்தின் முடிவில் டார்வெனின் கணக்கு பின்வருமாறு:

ஆடியவை – 34
வெற்றி – 2
சமன் – 5
தோல்வி – 27
அடித்த கோல்கள் – 22
வாங்கிய கோல்கள் – 141
புள்ளிகள் – 9

வெற்றிக்கு இரண்டு புள்ளிகளும் சமனுக்கு ஒரு புள்ளியும் வழங்கப்பட்ட காலம் அது. சராசரியாக ஓர் ஆட்டத்துக்கு நான்குக்கும் மேற்பட்ட கோல்களை டார்வென் வாங்கியிருந்தது. 18 அணிகளில் 18-ஆம் இடம். இத்தனைக்கும் நடுவே, பட்டியலிடப்பட்ட 34 ஆட்டங்களையும் அந்த அணி ஆடி முடித்தது. பத்து கோல்கள் வாங்கிய வாரத்துக்கு அடுத்த வாரமும் பதினொரு பேர் சட்டையணிந்து களத்துக்கு வந்தனர். சாதனைப் பட்டியல்களில் இடம்பெறாத செய்தி இது.

லீக்கிலிருந்து வெளியேற்றம்

மறுதேர்வு கோரும் உரிமை டார்வெனுக்கு இருந்தது. ஆனால் கழகம் அதைக் கோரவில்லை. 1899-இல் கால்பந்து லீக்கை விட்டு விலகி, லங்காஷயர் லீக்கில் சேர்ந்தது. பிளாக்பூல் கழகமும் அவ்வாண்டு தன் இடத்தை இழந்தது. அவ்விரு இடங்களுக்கும் செஸ்டர்பீல்டும் மிடில்ஸ்பரோவும் வந்தன. பிளாக்பூல் ஓராண்டிலேயே திரும்பிவந்துவிட்டது. டார்வென் திரும்பவே இல்லை.

லஃப்பரோவுக்கு மறுதேர்வில் இடம் கிடைத்தது. ஆனால் 1899–1900 பருவத்தில் அவ்வணி ஒரே ஓர் ஆட்டத்தில் மட்டும் வென்று, 8 புள்ளிகளுடன் கடைசி இடத்தைப் பெற்றது. 1900 மார்ச்சில் வுலிச் ஆர்சனல் அதை 12–0 எனத் தோற்கடித்தது. அப்பருவத்தோடு லஃப்பரோவும் லீக்கிலிருந்து மறைந்தது. பணத்தைக் கொட்டி உருவாக்கப்பட்ட நியூ பிரைட்டன் டவர்கூட, எதிர்பார்த்த கூட்டம் வராததால் 1901-இல் கலைக்கப்பட்டது. டார்வெனுக்கு நேர்ந்தது அதற்கு மட்டும் நேர்ந்ததல்ல என்பதை இவை உணர்த்துகின்றன. லீக் என்பது மெல்ல மெல்லப் பெருநகரங்களின் களமாக மாறிக்கொண்டிருந்த காலம் அது.

பிற்காலம்

லீக்கை விட்டு விலகியது டார்வெனின் முடிவாக இருக்கவில்லை. 1899-இல் கழகம் பார்லி பேங்கை விட்டு ஆங்கர் மைதானத்துக்கு இடம்பெயர்ந்தது. 1901–02 பருவத்தில் லங்காஷயர் லீக்கை ஒரு தோல்வியும் இல்லாமல் வென்றது. மூன்றாண்டுகளுக்கு முன் 27 ஆட்டங்களில் தோற்ற கழகம், தன் அளவுக்கு ஏற்ற போட்டியில் தோல்வியே காணாமல் ஒரு பருவத்தை முடித்தது. தன் சக்திக்கு மீறிய களத்தில் அது நின்றிருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

1932 ஜனவரி 9 அன்று, எஃப்.ஏ. கோப்பையின் மூன்றாம் சுற்றில் டார்வென் மீண்டும் நாடறியக் களமிறங்கியது. அன்று இங்கிலாந்தின் வலிமைமிக்க அணியாக விளங்கிய ஆர்சனல் 11–1 என வென்றது. காந்தியடிகள் அந்நகருக்கு வந்து சென்று அப்போது நான்கு மாதங்கள்கூட ஆகவில்லை. பருத்தித் தொழில் நலிந்து, ஊரில் வேலையின்மை மிகுந்திருந்த காலம்.

கடன் சுமையால் டார்வென் கழகம் 2009-இல் நீதிமன்ற ஆணைப்படி மூடப்பட்டது. அதன் வழித்தோன்றலாக ஏ.எஃப்.சி. டார்வென் என்ற புதிய கழகம் உருவாக்கப்பட்டு, ஆங்கர் மைதானத்திலேயே ஆடிவருகிறது. 1879 அணியின் கதையும் பெர்கஸ் சூட்டரின் வாழ்வும் 2020-இல் வெளிவந்த ‘தி இங்கிலிஷ் கேம்’ என்ற நெட்ஃபிளிக்ஸ் தொடரின் வழியே பலருக்கும் தெரியவந்தன. அத்தொடர் வரலாற்றை அப்படியே பின்பற்றவில்லை என்றாலும், டார்வென் என்னும் பெயரை மீண்டும் பேசவைத்தது.

வரலாற்று முக்கியத்துவம்

1898–99 பருவம் பொதுவாக அதன் எண்களுக்காகவே நினைவுகூரப்படுகிறது. 34 ஆட்டங்களில் 141 கோல்கள் என்ற கணக்கை, பின்னர் ஒரு பருவத்துக்கு 42, 46 ஆட்டங்கள் என எண்ணிக்கை கூடிய காலத்திலும் எந்த லீக் அணியும் தாண்டவில்லை. தொடர்ந்து 18 தோல்விகள் என்பதும் அவ்வாறே.

ஆனால் இப்பருவத்தின் உண்மையான முக்கியத்துவம் வேறு. 1879-இல் ஓர் ஆலை நகரம், ஊராரின் காசைத் திரட்டி அணியை இலண்டனுக்கு அனுப்பி, நாட்டின் தலைசிறந்த அணியைத் திணறடிக்க முடிந்தது. 1899-இல் அதே நகரம் அவ்வாறு செய்ய முடியாத நிலை வந்துவிட்டது. ஆட்டக்காரர்களுக்குக் கூலி தருவதற்கு டார்வென் போன்ற ஊர்கள்தாம் வழி திறந்தன. அந்த வழி திறந்தபின், கூலி அதிகம் தரக்கூடிய பெரிய ஊர்களை நோக்கி ஆட்டக்காரர்கள் சென்றனர். டார்வென் தொடங்கிவைத்த மாற்றமே இருபது ஆண்டுகளில் டார்வெனை லீக்கிலிருந்து வெளியேற்றியது.